சாமித் தட்டுக்குக் கீழே

நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். பிரெஞ்சு பேசும் குளிர் நகரம் ஒன்றின் லாசால் பகுதியில் எங்கள் வீட்டுச் சமையலறை. அம்மா அடுப்பில் குழம்பைக் கொதிக்க விட்டிருந்தார். நான் மேசையில் இருந்து உள்ளி உரித்துக்கொண்டிருந்தேன். சாப்பாடு முடிந்ததும் அவரிடம் சொல்ல ஒரு விஷயம் வைத்திருந்தேன். ஐஸ்லாந்தில், எரிமலை ஒன்றின் பக்கத்தில், இரண்டு வருட வேலை எனக்குக் கிடைத்திருந்தது. அடுத்த மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். நான் போனால் அம்மா இந்த வீட்டில் தனியே இருப்பார்.

2. வீட்டை அடியிலிருந்து யாரோ ஒரு தரம் குத்தியதுபோல ஒரு சத்தம். பாரம் ஏற்றிய லொறி சுவரில் முட்டிவிட்டது என்று நினைத்தேன்.

3. அம்மா அடுப்பை அணைத்தார். கதவுக்குப் பின்னால் கொழுவியிருக்கும் கைப்பையை எடுத்தார். "வா" என்று மட்டும் சொல்லிவிட்டு, பேஸ்மென்ட் கதவைத் திறந்து படிகளில் இறங்கி ஓடினார். நான் கத்தியைக் கீழே வைப்பதற்குள் இவ்வளவும் முடிந்துவிட்டது.

4. பிறகுதான் ஆட்டம் வந்தது. அலுமாரிக்குள் கோப்பைகள் ஒன்றோடொன்று உரசின. குழம்பு சட்டி விளிம்பால் வழிந்தது. நான் மேசைக்குக் கீழே போய் அதன் காலைப் பிடித்துக்கொண்டேன். அப்படித்தான் எனக்குப் படிப்பித்திருந்தார்கள்.

5. புகைபோக்கியின் மேல்வரிசைச் செங்கற்கள் கழன்று பின்முற்றத்தில் விழுந்தன. மேல்வீட்டில் வாடகைக்கு இருக்கும் பெண் தன் குழந்தையின் தள்ளுவண்டியை வழக்கமாக விடும் இடம் அது. அன்று வண்டி வீட்டுக்குள் இருந்தது.

6. பேஸ்மென்ட் படிகளுக்கு மேலே ஒரு பலகையில் கோயில் அன்னதானத்துக்குக் கொடுக்கும் பெரிய அண்டா இருந்தது. அது படியில் விழுந்தது. அம்மாவின் மேல் படவில்லை. அதற்கு விலகப்போய் அவர் சறுக்கி, கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது.

7. ஆட்டம் நின்றது.

8. நான் மேலே நின்று, "அம்மா, மேல வாங்கோ" என்றேன். அவர் கீழே இருந்து, "அடுத்தது வரும், நீ கீழ வா" என்றார். நான் வெளியே போகவேண்டும் என்று நினைத்தேன். அவர் உள்ளே இருக்கவேண்டும் என்று நினைத்தார். படிகளின் இரண்டு முனைகளிலும் நின்று அவரவர் வசனத்தையே மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

இப்படி எழுதிவைப்பது என் தொழிற்பழக்கம். நான் கட்டட எஞ்சினியர். பழைய செங்கல் கட்டடங்கள் நிலநடுக்கத்தைத் தாங்குமா என்று பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலையின் ஒரு பகுதி. எது முதலில் நடந்தது, எது அதனால் நடந்தது என்று பிரித்துவிட்டால், எதைத் திருத்த வேண்டும் என்பது தெரிந்துவிடும். இந்தப் பட்டியலில் திருத்தவேண்டியது மூன்றாவது வரி. அண்டா, பலகை, புகைபோக்கி எல்லாம் பொருட்கள், இறக்கலாம், அகற்றலாம். மூன்றாவது வரியில் இருப்பவர் அம்மா.

அது பெரிய நிலநடுக்கம் அல்ல. அடுத்த நாள் அலுவலகத்தில் அதைப் பற்றிப் பகிடிதான் விட்டார்கள். பெரும்பாலான வீடுகளில் ஒரு படம் சரிந்ததோடு முடிந்திருந்தது. எங்கள் வீட்டில்தான் ஒருவருக்குக் கை முறிந்தது, அதுவும் மேசையடியில் ஒரு கீறலும் படாமல் இருந்திருக்கக்கூடிய ஒருவருக்கு.

வைத்தியசாலையின் அவசரப் பிரிவில் நீண்ட நேரம் காத்திருந்தோம். அம்மா ஒரு கார்தெரியில், குழந்தைகள் காப்பகத்தில், சமைக்கிறார். அவருடைய பிரெஞ்சு சின்னப் பிள்ளைகளிடம் கற்றது. தாதி எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டபோது, "எஸ்காலியே, தொம்பே" என்று படியையும் விழுந்ததையும் அந்தப் பிள்ளைகளைப் போலவே சொன்னார். தாதி சிரித்து, மெதுவாகக் கையைத் தொட்டுப் பார்த்தார். அம்மா முகம் சுளிக்கவில்லை. தாதி போனபிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ மேசைக்குக் கீழ போனனி."

"ஓம் அம்மா. அதுதான் சரி."

"ஆர் சொன்னது?"

"நான் படிச்சது அதுதானே."

"படிச்சனி" என்றார். நோவில் வந்த கோபம் என்றுதான் நினைத்தேன். பிறகு அவர் சுவரில் இருந்த தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் சத்தம் இல்லாமல் ஐஸ்ஹொக்கி ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு ஹொக்கி பிடிக்காது.

மறுநாள் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. செயின்ட்-மிஷேலில் இருக்கிறார், வான் வண்டியில் கடைகளுக்குப் பேக்கரிப் பாண் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. வந்தவர் முதலில் பின்முற்றத்துக்குப் போய், செங்கற்களைக் காலால் புரட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"ஊர் முழுக்க ஆட, எஞ்சினியர் வீட்டு சிம்னிதான் விழுந்திருக்குது."

"அதை இறக்கவேணும் எண்டு போன வருசமே சொன்னனான், மாமா. நீங்கள்தான் வடிவா இருக்கு, விடு எண்டனீங்கள்."

"வடிவாத்தானே இருந்தது. இப்பதான் வடிவில்லை." அம்மாவின் மாவுக்கட்டைத் தட்டிப் பார்த்தார். "அக்கா, இந்த வயசில ஓட்டப்போட்டி தேவையோ?"

"நீயெண்டா ஓடியிருக்கமாட்டியோ?"

"நான் வானுக்குள்ள இருந்தனான். ஒண்டும் தெரியேல்ல. ரோட்டுக் குழி எண்டு நினைச்சன்."

மேல்வீட்டுப் பெண் ஒரு பாத்திரத்தோடு இறங்கி வந்தாள். சென்னைக்காரி. கணவனுக்கு இங்கே மென்பொருள் வேலை. "ஆன்ட்டி, ரசம் வச்சேன். கை எப்படி இருக்கு? நாங்க பால்கனிக்கு ஓடிட்டோம். அது தப்பாமே?"

தப்பு என்றேன். பல்கனியும் புகைபோக்கியும்தான் முதலில் விழக்கூடியவை என்றேன். அவள் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, "இங்கெல்லாம் நிலநடுக்கம் வரும்னு யாருமே சொல்லலையே. குளிர் மட்டும்தான்னு சொன்னாங்க" என்றாள்.

"உந்த மலை எரிமலையெல்லே" என்றார் மாமா. நகரின் நடுவில் இருக்கும் மலையைச் சொன்னார். வெளியூரிலிருந்து யார் வந்தாலும் காரில் ஏற்றிக்கொண்டுபோய், செத்த எரிமலை என்று சொல்லித்தான் காட்டுவார்.

அது எரிமலை அல்ல. மிகப் பழைய காலத்தில் கீழிருந்து எழுந்த பாறைக்குழம்பு வெளியே வராமல் நிலத்துக்குள்ளேயே இறுகிப்போனது. சுற்றியிருந்த மென்மையான பாறை கரைந்துபோக, இறுகியது மலையாக நின்றுவிட்டது. எங்களை ஆட்டியது மலை அல்ல, நிலத்தடியில் இருக்கும் பழைய பிளவுகள். பெரிய ஆறும் அந்தப் பிளவுகளின் போக்கில்தான் ஓடுகிறது. ஆறு இருந்ததால் துறைமுகம் வந்தது. துறைமுகத்தால் நகரம் வந்தது. முன்னொரு காலத்தில் இங்கே கடல் ஏறி, களிமண்ணை விட்டுவிட்டுப் போனது. அந்த மண்ணில் அம்மாவின் கத்தரியும் மிளகாயும் நன்றாகக் காய்க்கும். அதே மண் ஆட்டத்தைக் கூட்டியும் காட்டும். பாறையில் நிற்கும் வீடு கொஞ்சம் ஆடினால், களியில் நிற்கும் வீடு அதைவிட ஆடும்.

இதையெல்லாம் சொன்னேன். மாமா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப மலை பாக்க வாறாக்களுக்கு இனி என்னத்தைச் சொல்லிக் காட்டுறது?" என்றார்.

மேல்வீட்டுப் பெண் போனபின், ஐஸ்லாந்தைப் பற்றியும் சொல்லிவிட்டேன். நல்ல நேரம் அல்லத்தான். ஆனால் பதில் சொல்ல அதிக நாள் இல்லை, அம்மாவின் கை அதற்குள் பொருந்தாது. நிலத்துக்குள் இருக்கும் சூட்டில் மின்சாரம் எடுக்கும் நிலையம், அதன் அத்திவாரங்களும் குழாய்களும் நில அசைவைத் தாங்குகின்றனவா என்று பார்க்கும் வேலை என்று விளக்கினேன்.

அம்மா மாவுக்கட்டுக் கையை மேசையில் நேராக வைத்தார். பிறகு, "எரிமலைக்குப் பக்கத்தில எண்டா, எவ்வளவு பக்கத்தில?" என்றார்.

"யன்னலால தெரியும்."

"எரிமலை எண்டு தெரிஞ்சும் சனம் ஏன் அங்க இருக்குது?"

எனக்குப் பட்டியலாகச் சொல்லத்தான் வரும். வீட்டுக்குச் சூடும் வெந்நீரும் நிலத்திலிருந்தே வருகின்றன. மின்சாரமும் வருகிறது. பனி மூடிய நாட்டில் அந்தச் சூட்டில் கண்ணாடி வீடுகளுக்குள் தக்காளி வளர்க்கிறார்கள். வேறு நாடுகளில் எரிமலைச் சாம்பல் விழுந்த மண் நாளடைவில் நல்ல விளைநிலமாகிறது. அதனால் மலையின் அடிவரைக்கும் தோட்டம் செய்கிறார்கள். இவை நன்மைகள். தீமைகள்: நிலம் வெடித்துப் பாறைக்குழம்பு ஓடலாம். கூரையில் சாம்பல் குவிந்தால் கூரை இறங்கலாம். கண்ணுக்குத் தெரியாத வாயு பள்ளங்களில் தங்கும், பேஸ்மென்டுகளிலும் தங்கும்.

"சுடுதண்ணி சும்மா வருமோ?" என்றார் மாமா. "கரண்ட் பில் இல்லையோ? அக்கா, நாங்களும் போவம்."

"நீ பேசாமல் இரு." அம்மா என்னைப் பார்த்தார். "அது வெடிக்கமுதல் சொல்லுமோ?"

"பெரும்பாலும் சொல்லும். சின்னச் சின்னதா ஆடும். நிலம் வீங்கும். அதையெல்லாம் அளந்துகொண்டே இருப்பினம். சனத்தை முதலே ஏத்தி அனுப்பிவிடுவினம்."

"இஞ்ச ஆடினது சொல்லிச்சுதோ?"

"இல்லை. பிளவு சொல்லாது."

"அப்ப நான் இருக்கிற இடம்தான் மோசம்" என்றார் அம்மா. பகிடியாகச் சொல்லவில்லை. கணக்குப் பார்த்துச் சொன்னார். "நீ போ. நான் இருப்பன்."

என்னால் அப்படிப் போக முடியாது. அடுத்த குத்து எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வராமலே போகலாம். வந்தால் அம்மா படிகளில் ஓடுவார். ஆடும்போது படியில் நிற்பதைவிட மோசமான இடம் வீட்டுக்குள் குறைவு. கீழே விழுந்துகிடந்தாலும் மேல்வீட்டுக்குக் கேட்காது. இதுதான் என் பயம். ஐஸ்லாந்தின் மலையை நினைத்து எனக்குப் பயம் வரவில்லை.

அந்த வாரம் அலுவலகத்திலிருந்து ஒரு துண்டுப்பிரசுரம் கொண்டுவந்து குளிர்ப்பெட்டியில் ஒட்டினேன். ஒருவர் குனிகிறார், மேசைக்குக் கீழே போகிறார், காலைப் பிடிக்கிறார். மூன்று படங்கள். சனிக்கிழமை, பழகிப் பார்ப்போம் என்று அம்மாவைக் கூப்பிட்டேன். மாமாவும் இருந்தார். நான் குனிந்து காட்டினேன். அம்மா பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்ப நீங்கள்."

"எனக்குக் கை ஏலாது."

"மற்றக் கையால பிடிக்கலாம், அம்மா."

"முழங்கால் நோகுது."

"கோயில்ல விழுந்து கும்பிடேக்க நோகேல்லையோ?" என்றேன்.

மாமா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. யன்னல் பக்கம் திரும்பி நின்றார். அம்மா கதிரையை இழுத்து, மேசைக்குக் கொஞ்சம் தள்ளி இருந்தார்.

"பெரியக்கா மேசைக்குக் கீழதான் இருந்தவா" என்றார்.

எனக்கு ஒரு பெரியம்மா இருந்தார், ஊரில் சண்டை நடந்த காலத்தில் ஷெல் குண்டு விழுந்து செத்துப்போனார் என்று தெரியும். அதற்குமேல் தெரியாது. வீட்டில் யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

"மாரி காலம். வளவுக்குள்ள வெட்டின பங்கருக்குள்ள தண்ணி நிண்டது. அக்காவுக்குக் காய்ச்சல். குத்துச் சத்தம் கேட்டோண்ண நான் இவனையும் இழுத்துக்கொண்டு ஓடினன். அவா வரேல்ல. நனைஞ்சா காய்ச்சல் கூடும் எண்டு மேசைக்குக் கீழ போயிட்டா. நல்ல முதிரை மரத்து மேசை." அம்மா எங்கள் மேசையின் விளிம்பைத் தொட்டார். "வந்து பாக்கேக்க மேசைக்கு ஒண்டும் இல்லை. மேல வைச்சிருந்த செம்பும் அப்பிடியே இருந்தது."

மாமா திரும்பாமலே சொன்னார். "நான் இடுப்பளவு தண்ணிக்குள்ள நிண்டனான். தவளை ஒண்டு தோளில ஏறிச்சுது. அதுதான் எனக்கு ஞாபகம். வேற ஒண்டும் ஞாபகமில்லை."

ஷெல்லின் துண்டுகள் பக்கவாட்டில் பறப்பவை. அதனால்தான் பள்ளத்துக்குள் இருப்பவர் தப்புவார். நிலநடுக்கத்தில் பொருட்கள் மேலிருந்து விழுகின்றன. அதற்குத்தான் மேசை. இந்த வித்தியாசம் எனக்கு உடனே விளங்கியது. வாய்வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அவர் சொன்னதற்கு அது பதில் அல்ல. எழுந்துபோய்த் தேத்தண்ணி வைத்தேன். மூன்று பேரும் அந்த மேசையிலேயே இருந்து குடித்தோம். பிறகு குளிர்ப்பெட்டியிலிருந்து அந்தத் தாளைக் கழற்றினேன்.

சில நாட்கள் கழித்து, அம்மாவின் தலையைப் பின்னிவிடும்போது கேட்டேன். ஒரு கையால் அவருக்குப் பின்ன முடியாது. அதனால் காலையில் அது என் வேலையாகியிருந்தது.

"குத்துச் சத்தம் எண்டா என்னம்மா?"

"ஷெல் அவன்ர இடத்தில கிளம்புற சத்தம். தூரத்தில டும் எண்டு கேக்கும். கேட்டாப் பிறகு கொஞ்ச நேரம் இருக்குது, வந்து விழ. அதுக்குள்ள ஓடிப்போயிடவேணும்."

"அண்டைக்கு அடுப்படியில நிக்கேக்க அதுதான் கேட்டதோ?"

"அதேதான். அதே மாதிரி."

என் கை நின்றுவிட்டது. நிலநடுக்கம் இரண்டு அலைகளாக வரும். முதலாவது வேகமாக வந்து, ஒரு குத்து மட்டும் குத்திவிட்டுப் போகும். சேதம் செய்யும் ஆட்டம் அதற்குப் பின்னால் வரும். இடையில் சிறிது நேரம் கிடைக்கும். நான் அந்த நேரத்தை லொறி முட்டியதோ என்று யோசிப்பதில் செலவழித்தேன். அம்மா அதற்குள் அடுப்பை அணைத்து, பையை எடுத்து, படிகளில் இறங்கத் தொடங்கியிருந்தார். அவர் உடம்பு சரியாகக் கேட்டது, சரியான வேகத்தில் ஓடியது. போன இடம்தான் பிழை.

இதை மட்டும் சொன்னேன். முதல் அலை, இரண்டாம் அலை என்று விளக்கினேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"அப்ப எனக்கு நேரம் இருந்திருக்குது."

"ஓம். ஆனா படியில போயிட்டுது."

"மேசைக்குக் கீழ போகமாட்டன் பிள்ளை."

"போகவேண்டாம், அம்மா."

ஆளை மாற்ற முடியாவிட்டால் வீட்டை மாற்ற வேண்டும். வேலையிலும் அப்படித்தான் செய்வோம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அளவுநாடாவோடு வீட்டைச் சுற்றி வந்தேன். வெளிச்சுவர்கள் வேண்டாம். யன்னல் அருகே வேண்டாம். புகைபோக்கி இருக்கும் மூலை வேண்டவே வேண்டாம். வீட்டின் நடுவில், சமையலறையிலிருந்து சில எட்டில், படி இல்லாத ஓர் இடம் வேண்டும். அப்படி ஓர் இடம் இருந்தது. அதில் சாமிகள் இருந்தார்கள்.

இங்கே பல தமிழ் வீடுகளில் சாமியறை என்பது உடுப்பு அலுமாரிதான். வீட்டுக்குள் நடைபாதைச் சுவரில் கட்டிய அலுமாரியின் கதவைக் கழற்றிவிட்டு, நடுவே ஒரு தடித்த பலகையைப் போட்டு, படங்களை வைப்போம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பலகை அம்மாவின் இடுப்புயரம். அதன் கீழே எண்ணெய்ப் போத்தல், திரி, ஊதுபத்தி. அம்மா தினமும் அங்கே நிலத்தில் இருந்து திரி திரிப்பார். தலை பலகையில் முட்டாமல் குனிந்து இருப்பார். மூன்று பக்கமும் உட்சுவர். நான் எத்தனையோ வருடங்களாக அதைக் கடந்து போயிருக்கிறேன்.

அம்மாவையும் மாமாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா எட்டிப் பார்த்தார்.

"சாமிக்குக் கீழ போய் ஒளிக்கிறதோ?"

"ஒளிக்கிறது இல்லை. ஒதுங்கிறது."

"கால் கழுவாமல், சமைச்ச கையோட?"

"அந்த நேரத்தில சாமி கால் பாக்காது, அக்கா" என்றார் மாமா.

"உனக்குத் தெரியும்?" அம்மா குனிந்து பலகையின் அடியைத் தடவினார். "இது மேசை இல்லைத்தானே?"

"இல்லை. கால் ஒண்டும் இல்லை. சுவரிலதான் நிக்குது."

"நிக்குமோ?"

"நான் நிக்கச் செய்யிறன்."

பலகையைக் கழற்றி, சுவருக்குள் இருக்கும் மரச்சட்டங்களைத் தேடி, இரும்புத் தாங்கிகள் பூட்டினேன். புதுப்பலகை பழையதைவிடத் தடிப்பு. அது எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் பார்த்தேன். மாமா அதன்மேல் ஏறி இருந்தும் பார்த்தார். படங்களின் கண்ணாடிகளைக் கழற்றி, உடையாத பிளாஸ்டிக் போட்டோம். ஒவ்வொரு சட்டத்தையும் சுவரோடு திருகினோம்.

"சாமிக்கு ஸ்குரூ அடிச்ச வீடு இதுவாத்தான் இருக்கும்" என்றார் மாமா, வாயில் இரண்டு ஆணியோடு.

விளக்கில்தான் இழுபறி வந்தது. நான் பற்றரி விளக்கு என்றேன். அம்மா அந்தப் பேச்சை எடுக்காதே என்றார். கடைசியில் விளக்கு அலுமாரிக்கு வெளியே போனது. சமையலறை மேடையில், மணல் போட்ட ஒரு தாம்பாளத்தில், கையெட்டும் தூரத்தில். அடுப்பை அணைக்கும்போது அதையும் அணைக்கலாம். சாமிக்கு முன்னால் விளக்கு இல்லாதது அம்மாவுக்கு மனவருத்தம். இன்னும் அந்த வருத்தம் இருக்கிறது.

பிறகு பழகத் தொடங்கினோம். மாமா பேஸ்மென்டில் நின்று, கூட்டுகிற தும்புத்தடியால் மேலே ஓங்கி ஒரு தரம் இடிப்பார். எப்போது இடிப்பார் என்று அம்மாவுக்குச் சொல்லமாட்டோம். முதல் தடவை அம்மா பேஸ்மென்ட் கதவைத் திறந்துவிட்டார். கீழே தும்புத்தடியோடு மாமா நின்றார். "வாங்கோ அக்கா, பங்கருக்குள்ள இடமிருக்குது" என்றார். இரண்டாம் தடவையும் கதவுவரை போனார். மேல்வீட்டுப் பெண் போன் எடுத்து, "என்னங்க, மறுபடியும் வந்துடுச்சா?" என்று கேட்டாள். அதன்பிறகு அவளுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு இடித்தோம்.

அடுத்த கிழமை அம்மா அலுமாரிக்குப் போனார். அடுப்பை அணைத்தார், விளக்கை அணைத்தார், நடைபாதையில் திரும்பி, பலகைக்குக் கீழே குனிந்து இருந்தார். மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்து, மற்றக் கையால் பிடரியை மூடியிருந்தார். நான் நடைபாதையில் இருந்து அவரைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடவில்லை. எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்தது, வெளியே வாருங்கள் என்று நான் சொன்னபிறகும் கொஞ்ச நேரம் வரவில்லை.

"பெரியக்கா இதுக்குள்ள அடங்கியிருப்பாவோ?" என்று கேட்டார்.

"ரெண்டு பேர் இருக்கலாம்" என்றேன். அளந்து பார்த்ததால் அது மட்டும் எனக்குத் தெரியும்.

அந்த இரவுச் சாப்பாட்டின்போது ஐஸ்லாந்துப் பேச்சை அவராகவே எடுத்தார். "நீ போய்க் கையெழுத்துப் போடு. உன்ர மலை சொல்லிப்போட்டுத்தானே வெடிக்கும். ஏறச் சொன்னா முதல் பஸ்ஸில ஏறிவிடு. சட்டுமுட்டுச் சாமான் எடுக்க நிக்காத. பள்ளத்துக்குள்ள மட்டும் போகாத."

"போகமாட்டன்."

"அங்க மேசை கிடைக்குமோ?"

"கிடைக்கும், அம்மா."

"அப்ப நீ உன்ர மேசைக்குக் கீழ இரு."

கெடு முடிவதற்கு முதல்நாள் கையெழுத்துப் போட்டேன்.

முதல் பெரிய பனிக்குப் பிறகு ஒரு காலை, வீதியில் பனி தள்ளும் வண்டியின் அலகு வீதியோரக் கல்லில் முட்டியது. வீடு ஒரு தரம் குத்துப்பட்டது. நான் அறையிலிருந்து ஓடிவந்தேன். அடுப்பு அணைந்திருந்தது. அம்மா நடைபாதையில் நின்றார். ஒரு பக்கம் பேஸ்மென்ட் கதவு, மறுபக்கம் சாமியறை. ஒரு கை கதவின் கைப்பிடியில் இருந்தது. அதைத் திருகவில்லை. விடவும் இல்லை.

"என்னது?" என்றார்.

"பனி வண்டி."

அவர் கையை எடுத்து, சட்டையில் துடைத்துக்கொண்டு, அடுப்பை மூட்டப் போனார்.

இப்போது நிலைமை இதுதான். புகைபோக்கியைக் கூரைமட்டத்துக்குக் கீழே இறக்கி மூடியாகிவிட்டது. பேஸ்மென்ட் படிகளுக்கு மேலே ஒரு பொருளும் இல்லை. படிகளில் இரண்டு பக்கமும் கைப்பிடி போட்டிருக்கிறேன். மாவுக்கட்டு வெட்டியாகிவிட்டது. அம்மா வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டார். மேல்வீட்டுப் பெண்ணிடம் எங்கள் வீட்டுச் சாவி ஒன்று இருக்கிறது. ஏதாவது ஆடினால் அவள் இறங்கி வந்து, சாமியறையை முதலிலும் படிகளின் அடியை அடுத்ததாகவும் பார்ப்பாள். மாமா சனிக்கிழமைகளில் வந்து இடிப்பதாகச் சொல்லியிருக்கிறார். நான் தை மாத நடுவில் போகிறேன். உண்மையான குத்து வந்தால் அம்மா எந்தப் பக்கம் திரும்புவார் என்று எனக்குத் தெரியாது. அவரிடம் கேட்டேன். தனக்கும் தெரியாது என்றார்.